நாற்பத்து மூணு பேரும் ஒரு பஸ்ஸும்: குரூப் டூர் போறதுக்கு முன்னாடி

 

போன மாசம் இன்ஸ்டால கேள்வி கேளுங்கன்னு ஒரு ஸ்டோரி போட்டிருந்தேன். ஏ.ஐ. வேலையைப் பத்தி, நோட்டீஸ் பீரியடைப் பத்தி எல்லாம் கேப்பீங்கன்னு நினைச்சேன். வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்வி. "ப்ரோ, அப்பா அம்மாவை யூரோப் குரூப் டூர்ல அனுப்பலாமா? நாமளும் கூடப் போனா தாங்குமா?"

அனுப்பலாம். தாங்கும். எபிசோட் முடிஞ்சுது. [சிரிப்பு]

சும்மா சொன்னேன். நான் போன மே மாசம் அம்மாவோட போயிட்டு வந்தேன். பாரிஸ்ல இறங்கி, சுவிட்சர்லாந்து வழியா இத்தாலி, ரோம்ல இருந்து ரிட்டர்ன். பத்து ராத்திரி. பஸ்ல நாங்க 43 பேர், டூர் மேனேஜர் தனி. அதுல ஒரு நாள் நான் பண்ணின ஒரு வேலையால இன்னொருத்தருக்கு ஒரு இழப்பு. அதையும் இன்னைக்குச் சொல்லப் போறேன். ஆனா முதல்ல நீங்க கேட்டதுக்கு வரேன்.

நான் காலேஜ் முடிச்சதுல இருந்து பேக்பேக் மாட்டிக்கிட்டுத் தனியா சுத்துற ஆளு. ஸ்லீப்பர் பஸ், ஹாஸ்டல், கூகுள் ஷீட், இதான் நம்ம ஸ்டைல். கொடி பிடிச்சுக்கிட்டு முன்னாடி ஒருத்தர் போக, பின்னாடி ஒரே கலர் தொப்பியில நாற்பது பேர் போறதைப் பாத்தா எனக்குள்ள ஒரு நக்கல் வரும். அம்மா ரிட்டையர் ஆனதும் யூரோப் போகணும்னு சொன்னப்போ, நானே பிளான் பண்றேன்னு ஷீட்டைத் திறந்துட்டேன். பதினாலு டேப். ரயில், மியூசியம், ஏர்பிஎன்பி எல்லாம் கலர் கோடிங்.

அம்மா அதைப் பாத்துட்டு அமைதியா சொன்னாங்க: "உன்கூடத் தனியா வந்தா நீ ஃபோனைப் பாத்துக்கிட்டே நடப்ப. அப்பாவும் இல்ல. எனக்குப் பேச ஆள் வேணும்டா."

அதுக்கு மேல என்ன பேசுறது. ஷீட்டை மூடிட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம். குரூப் டூர் ஐட்டினரரி தனி மொழியில எழுதியிருக்கும். நாம ஏ.பி.ஐ. டாக்குமென்ட் படிக்கிற மாதிரி அதைப் படிக்கணும். அதுல இருக்குற வினைச்சொல்தான் எல்லாமே. "விசிட்"னு இருந்தா டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிட்டுப் போவாங்க. "வியூ"னு இருந்தா வெளியே நின்னு பாக்கலாம். "போட்டோ ஸ்டாப்"னா பத்துப் பதினஞ்சு நிமிஷம், இறங்கு, எடு, ஏறு. "டிரைவ் பாஸ்ட்"னு இருந்தா பஸ் ஜன்னல்தான், அதுவும் நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்கங்கறதைப் பொறுத்து. எங்க பஸ்ல ஒரு அண்ணன் லூவ்ர் மியூசியம்னு பேப்பர்ல பாத்துட்டு மோனலிசாவுக்காகக் காத்துக்கிட்டே இருந்தார். பக்கத்துல இருந்த சொல்லைப் பாக்கல. கண்ணாடிப் பிரமிட் ஜன்னல்ல வந்துச்சு, போச்சு. "அவ்ளோதானா?"ன்னு கேட்டார். அவ்ளோதான்.

ஈஃபில் டவரும் அப்படித்தான். மேல போறோம்னு எல்லாரும் சொல்லுவாங்க. எவ்வளவு மேலன்னு கேளுங்க. செகண்ட் லெவல் 116 மீட்டர், உச்சி 276 மீட்டர். நிறைய பேக்கேஜ்ல செகண்ட் லெவல் வரைக்கும்தான். எனக்கு அதுல குறை இல்ல, ஊர் அங்கிருந்துதான் நல்லாத் தெரியுது. ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

அடுத்து ஹோட்டல். "பாரிஸ் ஹோட்டல்"னா பாரிஸ் மாதிரி ஒரு இடத்துல இருக்குற ஹோட்டல். ஊருக்கு வெளியே, ஏர்போர்ட் பக்கம், ஹைவே ஓரம். ராத்திரி பால்கனியில காபி குடிச்சுக்கிட்டே தெருவைப் பாக்கற ரீல்ஸ் எல்லாம் நடக்காது. சுத்தமா இருக்கும், காலை உணவு நல்லா இருக்கும், கெட்டில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மக் கண்டிப்பா இருக்காது. எங்க குழுவுல பாதிப் பேர் வீட்ல இருந்தே பிளாஸ்டிக் மக் கொண்டு வந்திருந்தாங்க. அம்மாவும்தான். நான் ஏர்போர்ட்ல கிண்டல் பண்ணினேன், அப்புறம் அதையே நானும் யூஸ் பண்ணினேன்.

பிளக் விஷயம் ஒண்ணு. யூரோப் அடாப்டர்னு ஒரு தடியான உருண்டைப் பிளக் வாங்கிட்டுப் போனா பாரிஸ்ல வேலை செய்யும், சுவிட்சர்லாந்துல நுழையாது. அங்க சாக்கெட் குழிவா, ஆறு பக்கமா இருக்கும். ஒல்லியா, தட்டையா, ரெண்டு பின் மட்டும் இருக்குற பிளக் மூணு நாட்லயும் போகும். அதை வாங்குங்க.

சாப்பாடு. ராத்திரி ராத்திரி இந்தியன் ரெஸ்டாரன்ட்தான். பனீர், தால், ஜீரா ரைஸ், நான், குலாப் ஜாமூன். பாரிஸ்லயும் அதே, இத்தாலியிலயும் அதே. மூணாவது நாள் எனக்கு அழுகை வந்துச்சு. ஆனா நாற்பத்து மூணு பேர்ல முப்பது பேர் அறுபது வயசைத் தாண்டினவங்க, சுகர், பி.பி. எல்லாம் இருக்கு. நாள் முழுக்க நடந்துட்டு ராத்திரி சூடா சோறும் தயிரும் கிடைக்கறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு அம்மா சாப்பிடறதைப் பாத்தப்பதான் புரிஞ்சுது. கட்டுச்சோறு கொண்டு போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பால் பொருளும் கறியும் யூரோப்பியன் யூனியனுக்குள்ள பெட்டியில கொண்டு போகக் கூடாது. பால்கோவா, நெய்ப் பலகாரம் எல்லாம் வேண்டாம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் பரவாயில்ல. நாலு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டுங்க. எங்க குழுவுல ஒருத்தர் கட்டல. அவங்க சட்டை எல்லாம் ரோம் வரைக்கும் ஆவக்காய் வாசனை.

ஒரு நாள் எப்படிப் போகும்? டூர் மேனேஜர்கள் இதை ஆறு-ஏழு-எட்டுன்னு சொல்றாங்க. ஆறு மணிக்கு எழுப்புற ஃபோன், ஏழு மணிக்கு டிஃபன், எட்டு மணிக்குப் பஸ். சீட் தினமும் மாறும், இன்னைக்கு முன்னாடி உக்காந்தவங்க நாளைக்குப் பின்னாடி. இதை ஆரம்பத்துலயே அவரு சொல்லிடுவாரு. சொன்னாலும் ரெண்டாவது நாளே முதல் சண்டை சீட்டுக்குத்தான் வரும். பஸ்ல டாய்லெட் இருந்தாலும் பூட்டித்தான் வெச்சிருப்பாங்க. ஹைவே ஸ்டாப்ல காசு போட்டுத்தான் போகணும், அதனால சில்லறை நாணயத்தை அம்மா அப்பா கையில தனியாக் குடுத்து வைங்க. தண்ணி பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. பாரிஸ்ல குழாய்த் தண்ணி குடிக்கலாம், ரோம்ல தெருவுக்குத் தெரு குழாய் ஓடிக்கிட்டே இருக்கு, அதுவும் நல்ல தண்ணி.

டூர் மேனேஜர் வேற, லோக்கல் கைடு வேற. மேனேஜர் நம்ம ஊர்ல இருந்தே கூட வர்றவர். ரூம் சாவி, சோறு, டைம், யாருக்குக் காய்ச்சல், யாரு பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க, இதெல்லாம் அவர் வேலை. சரித்திரம் சொல்றது அந்தந்த ஊர் கைடு. காதுல ஒரு குட்டி ரிசீவர் மாட்டிவிடுவாங்க, அவங்க முன்னாடி போயிக்கிட்டே பேசறது நமக்குக் கேக்கும். பேட்டரி தீரப் போறப்போ கர் கர்னு சத்தம் வரும், அப்போ மாத்திக்கணும். எங்க மேனேஜருக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அந்தாளு பத்து நாள்ல எப்போ தூங்கினாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் ஆன்-கால் பண்ணியிருக்கேன், ராத்திரி மூணு மணிக்கு சர்வர் விழுந்து எழுந்திருக்கேன். இது அதுக்கும் மேல. சர்வர் அட்லீஸ்ட் திரும்பிப் பேசாது.

காசு விஷயம் சீக்கிரம் முடிச்சிடறேன். டிப்ஸ் கட்டாயம், ஆளுக்கு நாளைக்கு இவ்வளவு யூரோன்னு முன்னாடியே வாங்கிடுவாங்க, அது விளம்பர விலையில இருக்காது. விசா, ஆப்ஷனல் டூர் எல்லாம் இருக்கான்னு பாருங்க. ஷெங்கன் விசாவுக்கு இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும். அப்புறம் பில்லுல டி.சி.எஸ்.னு ஒரு தொகை பிடிப்பாங்க, அது யாரோட பான் நம்பர்ல பதிவாகுதோ அவங்க ரிட்டர்ன்லதான் திரும்ப வரும். நீங்க காசு கட்டிட்டு அம்மா பான் குடுத்திருந்தா, அம்மா ரிட்டர்ன் போடணும். இதுல நான் ஒரு தடவை மாட்டினேன்.

ஒரு சின்ன வரலாறு, எனக்குப் பிடிச்சது. ரயில்ல கூட்டமா ஆளைக் கூட்டிட்டுப் போறதை ஒரு தொழிலாவே மாத்தினவர்னா தாமஸ் குக். இங்கிலாந்துக்காரர். 1841 ஜூலை 5 அன்னைக்கு லெஸ்டர்ல இருந்து லஃப்பரோவுக்கு சுமார் 500 பேரைக் கூட்டிட்டுப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். எதுக்குன்னு கேளுங்க, மதுவிலக்குக் கூட்டத்துக்கு! 500 பேர்ல எத்தனை பேர் லேட்டா வந்தாங்கன்னு எனக்கு ஒரே யோசனை.

சரி. லேட்டுன்னு சொன்னதும் கதைக்கு வந்துடறேன்.

எங்க குழுவுல தூத்துக்குடியில இருந்து ஒரு தம்பதி. அங்கிள் கப்பல் ஏஜென்சியில வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். ஆன்ட்டி அம்மாவோட ரெண்டாவது நாளே ஒட்டிக்கிட்டாங்க. பஸ்ல அம்மா பக்கத்துல என் சீட்டை ஆன்ட்டி எடுத்துக்கிட்டு, நான் அங்கிள் பக்கத்துல. அவருக்கு ஜன்னல், எனக்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன். நல்ல ஏற்பாடு.

டிட்லிஸ் மலைக்குப் போன அன்னைக்கு, சுத்திக்கிட்டே மேல போற கேபிள் கார், மேல 3,020 மீட்டர், ஷாருக்கானும் கஜோலும் நிக்கிற கட்-அவுட் எல்லாம் இருக்கும், அங்க ஒரே மேகம். ஒண்ணும் தெரியல. எல்லாரும் உள்ள உக்காந்து காபி குடிச்சப்போ ஆன்ட்டி ஏன் இந்த டூர் வந்தாங்கன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. அவங்க பொண்ணுக்கு ரொம்ப வருஷம் குழந்தை இல்ல. ஆன்ட்டி உவரி அந்தோணியார் கோயிலுக்கு வருஷா வருஷம் போறவங்க. குழந்தை பிறந்தா அந்தோணியாரோட கல்லறைக்கே வந்து கையை வைக்கிறேன்னு ஒரு நேர்ச்சை. பேத்திக்கு இப்போ நாலு வயசு. "பதுவைக்குப் போகணும்"னு சொன்னாங்க.

எனக்குப் பதுவைன்னா என்னன்னு புரியல. கூகுள்ல தேடினா, படோவா. வெனிஸ்க்குப் பக்கத்துல இருக்குற ஊர். வெனிஸ் பாக்கறதுக்காக எங்க பஸ் ராத்திரி தங்கப் போற ஊரே அதுதான், வெனிஸைவிட அங்க ஹோட்டல் மலிவு. ஆனா அந்தக் கோயில் ஐட்டினரரியில இல்ல. அங்கிள் சென்னையில புக் பண்ணும்போதே கேட்டிருக்கார், "பாக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. டூர் மேனேஜர் அந்த வார்த்தையைக் காப்பாத்தினார். படோவாவுல தங்குற மறுநாள் காலை ஏழு மணிக்குப் பஸ்ஸை எடுத்து, கோயிலுக்கு ஒரு மணி நேரம், அப்புறம் வெனிஸ்னு பிளான் போட்டார். யாரும் ஆட்சேபணை சொல்லல. ஒரு மாமி மட்டும் "ஏழு மணியா"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான்.

இப்போ பஸ் டிரைவர் பத்தி ஒண்ணு சொல்லியாகணும், ஏன்னா கதையே இதுலதான் இருக்கு. யூரோப்ல கோச் டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தணும். நாள் முடிஞ்சா 11 மணி நேரம் ஓய்வு. அதை 9 மணி நேரமாக் குறைச்சுக்கலாம், ஆனா ஒரு வார ஓய்வுக்கும் அடுத்த வார ஓய்வுக்கும் நடுவுல மூணு தடவைதான். டேகோகிராஃப்னு ஒரு கருவி எல்லாத்தையும் பதிவு பண்ணும். போலீஸ் நிறுத்தி எடுத்துப் பாக்கலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க அண்ணாங்கறது அங்க இல்ல. எங்க டிரைவர் போலந்துக்காரர், அந்த மூணு தடவையையும் அதுக்குள்ள யூஸ் பண்ணிட்டார்.

சுவிட்சர்லாந்துல இருந்து இத்தாலிக்குக் கிளம்புற நாள். காலையில வழியில லூசெர்ன் ஊர்ல நிறுத்தினாங்க. மரப்பாலம், சிங்கச் சிலை, சாக்லேட் கடை. பதினொண்ணு பத்துக்கு சிங்கச் சிலை பக்கத்துல எல்லாரும் கூடணும். அம்மா ஆன்ட்டியோட கடைக்குப் போயிட்டாங்க. நான் நம்ம பழைய புத்தியில, கூட்டம் போகாத இடத்துக்குப் போவோம்னு, ஊருக்குப் பின்னாடி இருக்குற பழைய கோட்டைச் சுவர் மேல ஏறிட்டேன். அங்க ஒரு மணிக்கூண்டு, 1535-ல வெச்ச கடிகாரம். ஊர்லயே மூத்த கடிகாரம்ங்கறதால மத்த கடிகாரங்களுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அடிக்கிற உரிமை அதுக்கு இருக்காம். உள்ளே பெரிய பெரிய பல் சக்கரங்கள். இன்ஜினியர் மனசு, கேக்கவா வேணும். பதினொண்ணு அடிக்கறதை அங்கயே நின்னு கேட்டுட்டுத்தான் இறங்கினேன்.

பதினொண்ணு இருபதுக்கு சிங்கச் சிலைக்கு வந்தேன். யாரும் இல்ல. பத்து நிமிஷம் லேட்டா வந்த நான், சத்தியமா, என்ன நினைச்சேன் தெரியுமா? "பாரு, எல்லாரும் லேட்டு"ன்னு நினைச்சேன். ஒரு பெஞ்ச்ல உக்காந்து எடுத்த போட்டோவைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

நடந்தது என்னன்னா, கூடுற இடத்தை ஏரிக்கரைக்கு மாத்திட்டாங்க. காலையில பஸ்லயே மைக்ல சொன்னாராம். நான் ஹெட்ஃபோன் போட்டிருந்தேன். வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டார். என் இ-சிம் "யூரோப்" பிளான். சுவிட்சர்லாந்து யூரோப்பியன் யூனியன்ல இல்ல, அந்த பிளான்ல அந்த நாடு கிடையாது. மூணு நாளா ஹோட்டல் வைஃபையிலயே ஓட்டிட்டேன், இத்தாலி போனா வந்துடும்னு ரீசார்ஜ் பண்ணல. அம்மாவுக்கு நான் வாங்கிக் குடுத்ததுல சுவிட்சர்லாந்து இருந்துச்சு. எனக்குத்தான், நூறு ரெண்டு நூறு ரூபாய் மிச்சம் பிடிச்சேன்.

பதினொண்ணரைக்கு மேலதான் பயம் வந்துச்சு. ஓட ஆரம்பிச்சேன். ஏரிக்கரையில அவங்களைக் கண்டுபிடிச்சப்போ மணி பதினொண்ணு அம்பது. கோச் அந்த இடத்துல ஏத்தி இறக்குற நேரம்தான் நிக்கலாம், அதனால டிரைவர் ஊரைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு இருந்தார். நாற்பத்து ரெண்டு பேரும் பிளாட்ஃபார்ம்ல நிக்கிறாங்க. தூறல். உக்கார இடம் இல்ல. ஒருத்தரும் கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பஸ் கிளம்பினதும் அம்மா எழுந்தாங்க. என்கிட்ட வரலை. முதல் சீட்ல இருந்து ஒவ்வொரு சீட்டாப் போய், "மன்னிச்சுக்கோங்க, பையன் வழி தெரியாம..."ன்னு சொல்லிக்கிட்டே கடைசி வரைக்கும் போனாங்க. ஓடுற பஸ்ல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இருபத்தெட்டு வயசு, டீம் லீட், எட்டுப் பேர் எனக்கு ரிப்போர்ட் பண்றாங்க.

நாற்பது நிமிஷம்தானேன்னு நினைப்பீங்க. நானும் நினைச்சேன். ஆனா தெற்கே போற வழியில காட்ஹார்ட் டனல் இருக்கு. கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர், 1980-ல திறந்தது, போக ஒரு லேன் வர ஒரு லேன். கூட்டம் சேர்ந்தா சிக்னல் போட்டு வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடுவாங்க. நாங்க போய்ச் சேரும்போது வரிசை நீண்டுடுச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல அங்க போச்சு. ஒரு சின்ன லேட் க்யூவுல மாட்டினா எவ்வளவு பெருசாகும்னு நான் ஆபீஸ்ல ஜூனியர் பசங்களுக்கு போர்டுல வரைஞ்சு காட்டியிருக்கேன்.

ஏழு அம்பதுக்குப் படோவா ஹோட்டல் போயிருக்கணும். போனது ஒன்பது நாற்பது. டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டு, கருவியைப் பாத்துட்டு, மேனேஜர்கிட்ட விரலால எண்ணிக் காட்டினார். பதினோரு மணி நேரம். நாளைக்குக் காலை எட்டு நாற்பதுக்கு முன்னாடி பஸ் நகராது. வெனிஸ்ல ஒன்பதரைக்குப் படகு புக் ஆகியிருக்கு. அங்க வேற 2024-ல இருந்து ஒரு கைடு பின்னாடி 25 பேருக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம், அதனால ரெண்டு கைடு, ரெண்டு பேருக்கும் டைம் குறிச்சாச்சு. மாத்த முடியாது. கோயில் போச்சு.

மேனேஜர் லாபியில அங்கிள்கிட்ட அதைச் சொன்னப்போ நான் பக்கத்துல சாவிக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். அங்கிள் "சரி தம்பி, உங்க மேல தப்பு இல்ல"ன்னார். அவர்கிட்ட சொன்னார். என்னைப் பாக்கல. ஆன்ட்டி ஒண்ணும் சொல்லல, சோபாவுல உக்காந்து செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க.

ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் தூங்கல. அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாங்க. அப்பதான் தோணுச்சு. பஸ் எட்டு நாற்பது வரைக்கும் நகராதுன்னா, அது வரைக்கும் நாம சும்மாதானே இருக்கோம்? பஸ்ஸுக்குத்தான் ரெஸ்ட். டாக்ஸிக்கு இல்ல. லாபிக்கு இறங்கிப் போனேன். மேனேஜர் முழிச்சிருந்தார், லேப்டாப். சொன்னேன். யோசிச்சார். "உங்க சொந்தப் பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. எட்டேகாலுக்கு இங்க இருக்கணும்"னார். அப்புறம், "எட்டேகால்னா எட்டேகால்"னார். ரிசப்ஷன்ல காலை ஆறேகாலுக்கு டாக்ஸி சொன்னோம்.

ஆறு மணிக்கு அவங்க ரூம் கதவைத் தட்டினேன். அங்கிள் ரெடி. ஆன்ட்டியால முடியல. ரெண்டு காலும் கணுக்கால்ல இருந்து வீங்கியிருந்துச்சு. அவங்களுக்கு ஏற்கனவே அந்தப் பிரச்சனை உண்டு, ரொம்ப நேரம் நின்னா வரும். முந்தின நாள் எங்க அவ்வளவு நேரம் நின்னாங்கன்னு நான் கேக்கல.

"நீங்க போயிட்டு வாங்க, நான் இன்னைக்கு வெனிஸும் வரல, பஸ்லயே காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கேன்"னாங்க. ஒரு கைக்குட்டையை மடிச்சு அங்கிள் கையில குடுத்தாங்க. ஒரு பேப்பர்ல பேரெல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க, அதையும்.

கோயில் பெருசு. ஏழெட்டுக் குவிமாடம். அந்த நேரத்துலயே திறந்திருந்துச்சு, உள்ளே நாலஞ்சு பாட்டிங்க, ஒரு சாமியார். கல்லறை இடப்பக்கம், பீடத்துக்குப் பின்னாடி சுத்தி வந்தா ஒரு பெரிய கல் பலகை. அதுலதான் எல்லாரும் கையை வைக்கிறாங்க. அங்கிள் முதல்ல கைக்குட்டையை வெச்சு, அது மேல கையை வெச்சார். பேப்பரைப் பிரிச்சு ஒவ்வொரு பேரா வாயசைச்சுப் படிச்சார். ரொம்ப நேரம். நான் வாட்சைப் பாத்தேன், ஆனா சொல்லல. எட்டாவது பேரோ ஒன்பதாவது பேரோ, எங்க அம்மா பேரு. அதுக்கு அடுத்து என் பேரு. ஆன்ட்டி அந்த லிஸ்ட்டை எப்போ எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது. லூசெர்னுக்கு முன்னாடியா, பின்னாடியா. நான் கேக்கவும் இல்ல.

டாக்ஸியில திரும்பி வரும்போது அங்கிள் முதல் தடவையா என்கிட்டப் பேசினார். "காணாமப் போன பொருளைத் தேடித் தர்றவர்னு இவரைத்தான் சொல்லுவாங்க தம்பி. நேத்து அங்க நின்னப்போ அவ உனக்காகத்தான் வேண்டிக்கிட்டு இருந்தா, நீ கிடைக்கணும்னு." சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டார்.

எட்டு பத்துக்கு ஹோட்டல். ஆன்ட்டி டிஃபன் ஹால்ல அம்மாவோட உக்காந்திருந்தாங்க, காலை இன்னொரு நாற்காலி மேல வெச்சுக்கிட்டு. கைக்குட்டையை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு பர்ஸ்ல வெச்சாங்க. நான் எடுத்த வீடியோவைக் காட்டினேன், வெளியே இருந்து கோயிலை எடுத்தது. பாத்தாங்க. பாதியிலயே ஃபோனைத் திருப்பிக் குடுத்துட்டு என்னைக் கேட்டாங்க:

"கல்லு சில்லுன்னு இருந்துச்சாப்பா?"

"ஆமா ஆன்ட்டி. சில்லுன்னு இருந்துச்சு."

"நீயும் தொட்டியா?"

தொட்டேன்னு சொன்னேன். தொட்டிருந்தேன்.

இதைச் சொன்னா சிலர், அதான் சரி பண்ணிட்டியேன்னு கேக்கறாங்க. இல்லங்க. போக வேண்டியவங்க போகல. பத்து வருஷத்துக்கு மேல மனசுல வெச்சிருந்த நேர்ச்சை, ஹோட்டல்ல இருந்து இருபது நிமிஷ தூரத்துல நின்னுபோச்சு. அறுபத்தெட்டு வயசுல அந்த ஆன்ட்டி இன்னொரு தடவை அவ்வளவு தூரம் வருவாங்களான்னு தெரியல. நான் தனியா சுத்தின காலத்துல எத்தனையோ ரயிலை விட்டிருக்கேன், எத்தனையோ தடவை வழி தவறியிருக்கேன். அதெல்லாம் இப்போ நல்ல கதையா இருக்கு. இது அப்படி ஆகல.

அதனால கூடப் போற பசங்களுக்கு நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம்தான். எல்லா நாட்லயும் வேலை செய்யுற சிம் போடுங்க. ஆஃப்லைன் மேப் இறக்கி வைங்க. மேனேஜர் மைக்கை எடுத்தா ஹெட்ஃபோனைக் கழட்டுங்க. பஸ் எங்க நிக்குதுன்னு இறங்கும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. கோட்டைச் சுவர் மேல தாராளமா ஏறுங்க, அந்தக் கடிகாரம் நிஜமாவே அருமையா இருக்கு, ஆனா பத்தே முக்காலுக்கு இறங்கிடுங்க.

அம்மா அப்பாவைத் தனியா அனுப்பலாமான்னா, என் அனுபவத்துல தாராளமா அனுப்பலாம். எங்க அம்மா ஃபிளாரன்ஸ்ல என்னை விட்டுட்டு அஞ்சு ஆன்ட்டிகளோட ஜெலாட்டோ சாப்பிடப் போனாங்க. ரோம்ல கடைசி ராத்திரி பஸ்ல பாட்டுப் பாடினாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் நான் அவங்க பாடிக் கேக்கவே இல்ல. என் பதினாலு டேப் ஷீட்ல அதுக்கு ஒரு செல் கூட இல்ல.

அந்த வாட்ஸ்அப் குரூப் இன்னும் உயிரோட இருக்கு. தினமும் காலையில ஆறு மணிக்குப் பூ போட்ட குட்மார்னிங் வருது. போன வாரம் அதுல ஒரு மெசேஜ். எல்லாரும் சேர்ந்து வர்ற மார்ச் மாசம் காசி, கயா போறாங்களாம், தூத்துக்குடி ஆன்ட்டியும் ஊர் பாக்க வர்றாங்களாம். முப்பது பேர் பேர் குடுத்தாச்சு. அம்மா மூணாவது ஆளாப் பேர் குடுத்திருக்காங்க, ஒரு டிக்கெட்.

நான் கேட்டேன், "எனக்கு?"

"நீ பெங்களூர்ல வேலையைப் பாருடா"ன்னுட்டாங்க.

அடுத்த வாரம் நோட்டீஸ் பீரியட் எபிசோட், நிஜமா. பார்ப்போம் மக்களே.